ஒரே களஞ்சியம், மூன்று மொழிகள்: எல்லைப் பகுதிகளில் அரசுத் தகவல்

வளர்ச்சித் திட்டங்களுக்கு நிதி ஒதுக்குவதால் மட்டும் அவற்றின் பயன் மக்களைச் சென்றடைந்துவிடாது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது, எந்த அலுவலகத்தை அணுக வேண்டும், எந்தச் சான்றிதழ் தேவை என்பன போன்ற செய்திகள் உரியவருக்குப் புரியும் மொழியில், உரிய காலத்தில் கிடைத்தல் வேண்டும். பல மொழிகள் வழங்கும் எல்லைப் பகுதிகளில் இப்பணி மேலும் கடினமாகிறது. இக்கடினத்தைக் குறைக்கக்கூடிய ஒரு கணினி அமைப்புமுறையையும், அதை நிறுவும் படிகளையும் இங்குக் காண்போம்.

கல்பாத்தியின் நிலை

பாலக்காடு நகரை ஒட்டி, கல்பாத்தி ஆற்றின் கரையில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதி, 1956 நவம்பர் 1 அன்று கேரளத்தின் பகுதியாயிற்று. 1972-இல் உருவான இடுக்கி மாவட்டத்திலும், தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராக உள்ளனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 5 இலட்சம் பேர்.

இவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. குறை தீர்க்கக் கோரும் முறையீட்டை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 350-ஆவது விதி. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துடனும், துறைத் தலைமை அலுவலகங்களுடனும், சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அலுவலகங்களுடனும் தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தவும், அம்மொழியிலேயே பதில் பெறவும் வழி செய்கிறது.

ஆயினும், இவை முறையிடுவதற்கும் பதில் பெறுவதற்குமான உரிமைகள். இன்று அரசின் அறிவிப்புகள் பெரும்பாலும் கணினித் திரையிலும் கைப்பேசியிலும் முதலில் வெளியாகின்றன. அறிவிப்பே புரியாதவர் முறையிடும் நிலைக்கு வருவதற்குள் கடைசி நாள் கடந்துவிடக்கூடும்.

பழைய முறையின் செலவு

இணையதளத்தின் உள்ளடக்கத்தை எழுதி, திருத்தி, வெளியிட உதவும் மென்பொருளை உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்பர். 2003-இல் வெளிவந்த வேர்டுபிரஸ் இதற்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு. இவ்வகை அமைப்புகளின் வழக்கமான பயன்பாட்டில் எழுத்தும் தோற்றமும் ஒன்றாகப் பிணைந்திருக்கும். எழுதிய செய்தி அத்தளத்தின் பக்கமாகவே வெளிவரும். வேறிடத்தில் அது தேவைப்பட்டால் மீண்டும் பதிய வேண்டும்.

ஓர் அலுவலகம் முதியோர் உதவித்தொகை பற்றிய அறிவிப்பை மலையாளம், ஆங்கிலம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலும், இணையதளம், கைப்பேசிச் செயலி, அலுவலக அறிவிப்புத் திரை ஆகிய மூன்று இடங்களிலும் வெளியிடுவதாகக் கொள்வோம். கடைசி நாள் மாற்றப்பட்டால் 9 இடங்களில் திருத்தம் செய்ய வேண்டும். எட்டைத் திருத்தி ஒன்றை விட்டுவிட வாய்ப்புண்டு. விடுபடும் அந்த ஒன்று, அம்மொழி அறிந்த பணியாளர் குறைவாக உள்ள மொழியின் பக்கமாக இருப்பதற்கே இடம் மிகுதி.

பிரித்து இணைக்கும் முறை

களஞ்சியத்தையும் முகப்பையும் வெவ்வேறாக்குவதே இதற்குரிய மாற்று. உள்ளடக்கத்தைச் சேமித்து, கேட்டவர்க்குத் தரவாக மட்டும் வழங்கும் அமைப்பு 'ஹெட்லெஸ்' எனப்படுகிறது. தனக்கென முகப்பு இல்லாதது என்பது பொருள். முகப்பை ஜாவாஸ்கிரிப்ட் சட்டகங்களைக் கொண்டு தனியே அமைப்பர். 2013-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட், 2014-இல் வந்த வியூ, ரியாக்டின் மேல் கட்டப்பட்டு 2016-இல் வந்த நெக்ஸ்ட் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. இரண்டையும் இணைக்கும் வாயில் ஏ.பி.ஐ. ஆகும். இம்முறைக்கென்றே எழுதப்பட்ட ஸ்ட்ராப்பி போன்ற மென்பொருள்கள் உள்ளன. 2016 டிசம்பரில் வெளியான வேர்டுபிரஸ் 4.7 பதிப்பிலிருந்து, பழைய வேர்டுபிரஸ் தளத்தையும் களஞ்சியமாக மட்டும் பயன்படுத்த முடிகிறது.

இக்கருத்து நம் அரசுத் துறைகளுக்கு அந்நியமானதன்று. 2012-ஆம் ஆண்டின் தேசியத் தரவுப் பகிர்வு, அணுகல் கொள்கையையொட்டி அமைந்த திறந்த அரசுத் தரவுத் தளம், துறைகளின் புள்ளிவிவரங்களை ஏ.பி.ஐ. வழியாகவும் வழங்கிவருகிறது. அவற்றை எவரும் தம் செயலியில் பயன்படுத்தலாம். அதே வழி அறிவிப்புகளுக்கும் பொருந்தும்.

இணைக்கும் படிகள்

முதற்படி, உள்ளடக்க வகையை வரையறுத்தல். அறிவிப்பை ஒரே பத்தியாக எழுதாமல், தலைப்பு, விளக்கம், கடைசி நாள், அலுவலகத் தொலைபேசி எனப் புலங்களாகப் பிரிக்க வேண்டும். தலைப்பும் விளக்கமும் மொழிக்கு மொழி மாறுபவை. நாளும் தொலைபேசி எண்ணும் எல்லா மொழிகளுக்கும் பொதுவானவை. பொதுப் புலத்தை ஒருமுறை திருத்தினால் மூன்று மொழிகளிலும் மாற்றம் தோன்றும். முன்னர்க் கண்ட 9 திருத்தங்கள் இங்கு ஒன்றாகிவிடுகின்றன. கடைசி நாளை விளக்கப் பத்தியினுள் எழுதிவிட்டால் இப்பயன் கிட்டாது.

இரண்டாம் படி, அனுமதி. முகப்புக்குப் படிக்கும் உரிமை மட்டுமே அளித்தல் வேண்டும். அதுவும் வெளியிடப்பட்ட அறிவிப்புகளுக்கு மட்டும். வரைவு நிலையில் உள்ளவை வெளியே தெரியலாகாது. இதற்கான சாவியைச் சர்வரில் வைக்க வேண்டும். உலாவிக்கு அனுப்பப்படும் நிரலில் வைத்தால், அதை எவரும் எடுத்துப் படித்துவிட முடியும்.

மூன்றாம் படி, வேண்டுகோளும் விடையும். முகப்பு, மொழிக் குறியீட்டுடன் குறிப்பிட்ட முகவரிக்கு வேண்டுகோள் அனுப்புகிறது. களஞ்சியம் ஜேசன் வடிவில் விடையளிக்கிறது. புலத்தின் பெயரும் அதன் மதிப்பும் இணையிணையாக வரும் எளிய வடிவம் அது. எழுத்துகள் யூனிகோடு முறையில் இருந்தால் தமிழும் மலையாளமும் ஒரே களஞ்சியத்தில் இடர்ப்பாடின்றி அமையும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளை முதலிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி, பக்கத்தை உருவாக்கும் இடத்தைத் தேர்தல். பக்கங்களை முன்கூட்டியே ஆக்கி வைக்கலாம். ஒவ்வொரு வேண்டுகோளின்போதும் சர்வரில் ஆக்கலாம். பயனாளியின் உலாவியிலேயே ஆக்கலாம். இணைப்பு வலுவற்ற மலைப்பகுதிகளுக்கு முதல் வழியே பெரும்பாலும் ஏற்றது. பக்கம் இலேசாக இருக்கும், பழைய கைப்பேசியிலும் விரைவில் திறக்கும். ஆனால் களஞ்சியத்தில் செய்த திருத்தம் பக்கத்தில் தானாகத் தோன்றாது. எனவே, திருத்தம் வெளியானவுடன் முகப்புக்குச் செய்தி அனுப்பி, பக்கத்தை மீண்டும் ஆக்கச் செய்யும் 'வெப்ஹூக்' ஏற்பாடு இன்றியமையாதது.

ஐந்தாம் படி, மொழிபெயர்ப்பு இல்லாத நிலை. தமிழ்ப் பாடம் இன்னும் வராத அறிவிப்பை மறைத்துவிடக் கூடாது. பொதுப் புலங்களான நாளையும் தொலைபேசி எண்ணையும் தமிழ் முகப்பில் காட்டி, விளக்கம் தற்போது மலையாளத்தில் மட்டும் உள்ளது எனத் தெளிவாகக் குறிக்க வேண்டும். அத்தகைய அறிவிப்புகளின் பட்டியல் பொறுப்பு அலுவலரின் பார்வைக்கு நாள்தோறும் வருமாறு செய்தல் நலம்.

செலவும் வரம்பும்

பொருளாதார நோக்கில், இம்முறையில் தொடக்க நிலைச் செலவு மிகுதி. கூடுதலாக ஒரு முகப்பைச் சேர்க்கும் இறுதிநிலைச் செலவு குறைவு. இரண்டு மென்பொருள்களைப் பராமரிக்க வேண்டும்; அதற்குத் தேர்ந்த நிரலாளர் தேவை. ஒரே மொழியில் ஒரே தளம் நடத்தும் சிற்றலுவலகத்திற்குப் பழைய முறையே போதுமானது. மொழிகளும் வெளியிடும் இடங்களும் பெருகும்போதுதான் பிரித்தல் சிக்கனமாகிறது.

எந்த மென்பொருளும் தானே மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடாது. 2022-இல் தொடங்கப்பட்ட மைய அரசின் பாஷிணி, இந்திய மொழிகளுக்கிடையே இயந்திர மொழிபெயர்ப்பை எளிதாக்கியுள்ளது. எனினும் சரிபார்ப்பு மனிதருடைய பணியே. மலையாளத்தில் 'அவகாசம்' என்றால் உரிமை. தமிழில் அது கால இடைவெளி. உரிமை பற்றிய ஒரு வாசகத்தில் அச்சொல் அப்படியே தமிழுக்கு வந்தால், பயனாளி அதைக் கெடு என்று கருதிவிடுவார். இத்தகைய பிழையைக் கண்டறிய இரு மொழியும் அறிந்த ஒருவர் வேண்டும். அவருக்கு நேரமும் ஊதியமும் ஒதுக்கப்படல் வேண்டும்.

கைப்பேசி கையாளாத முதியோரும் உளர். அவர்களுக்கு அதே களஞ்சியத்திலிருந்து அச்சிடத்தக்க ஒரு பக்கத்தை நான்காவது முகப்பாக அமைக்கலாம். 2002-இல் மலப்புறத்தில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய அட்சய மையங்கள் போன்ற இடங்களில் அதைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க இயலும்.

ஆகவே, இம்முறையை மேற்கொள்ள விரும்பும் அலுவலகம் மென்பொருளைத் தேர்வதற்கு முன் இரண்டு பணிகளை முடித்தல் வேண்டும். தன் அறிவிப்புகளில் எவை பொதுப் புலங்கள், எவை மொழிப் புலங்கள் என்று வகைப்படுத்த வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் பொறுப்பாளர் யார் என்று எழுத்து மூலம் உறுதி செய்ய வேண்டும். இவ்விரண்டும் அமைந்துவிட்டால், எந்தச் சட்டகத்தைப் பயன்படுத்துவது என்பதைத் தொழில்நுட்பப் பிரிவின் முடிவுக்கு விட்டுவிடலாம்.