முதலில் ஒப்புரவு, பின்பு காணிக்கை

வேதபாடம்: மத்தேயு 5:23, 24, லூக்கா 19:1-10



காணிக்கை செலுத்த வந்தவனுக்கு, தன்மேல் ஒருவருக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், அதைச் சரிசெய்வதே அவனுடைய முதல் வேலை என்று நம் ஆண்டவர் போதித்தார். கொடுத்துப் பழகிய நமக்கு இது கடினமான பாடம். கனடா நாட்டுச் சபைகள் தங்கள் நாட்டுப் பூர்வகுடி மக்களிடத்தில் இதைக் கற்று வருகிற விதத்தை இங்கே தியானிப்போம்.

நடந்தது என்ன?

1880களிலிருந்து 1990கள் வரை 1,50,000-க்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் அங்கே விடுதிப் பள்ளிகளில் வைக்கப்பட்டார்கள். அநேகர் பெற்றோரிடமிருந்து பலவந்தமாய்ப் பிரிக்கப்பட்டவர்கள். அரசாங்கம் பணம் கொடுத்தது. கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், ஐக்கிய, பிரஸ்பிட்டேரியன் சபைகள் நடத்தின. தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். 4,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மரணங்கள் பதிவாகியுள்ளன. காசநோயால் இறந்தவர்கள் பலர். இந்தப் பள்ளிகளுக்கு விசுவாசிகளின் காணிக்கையும் சென்றது. கொடுத்தவர்களில் அநேகர் நன்மை செய்கிறோம் என்றே நம்பினார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை யாரும் கேட்கவில்லை.

1. உண்மையைக் கேட்பது

2008இல் அமைக்கப்பட்ட உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் 6,000-க்கும் மேற்பட்டோரின் சாட்சிகளைக் கேட்டு, 2015இல் 94 அழைப்புகளை வெளியிட்டது. "உண்மை" என்ற சொல் முதலில் நிற்பதைக் கவனியுங்கள். ஒரு தொண்டு ஸ்தாபனமும் இங்கேதான் தொடங்க வேண்டும். நம் கட்டடம் நிற்கிற நிலம் யாருடையது? அது எப்படிக் கைமாறியது? நம் பழைய பதிவேடுகளை, அவற்றில் பெயர் உள்ளவர்களின் சந்ததியார் பார்க்க முடிகிறதா?

2. மன்னிப்புக் கேட்டுக் காத்திருப்பது

1986இல் கனடா ஐக்கிய சபை, சட்பரி நகரில் பூர்வகுடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. 1988இல் அவர்கள் தந்த பதில் சிந்திக்கத்தக்கது. மன்னிப்புக் கேட்டதை அறிந்துகொண்டோம் என்றார்கள். ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்ட இடத்தில் எழுப்பிய கற்குவியலும் முடிக்கப்படாமல் விடப்பட்டது. சொன்ன சொல் வாழ்க்கையில் காணப்படட்டும் என்பதே அதன் பொருள். மன்னிப்புக் கேட்பது நம் கடமை; எப்போது மன்னிப்பது என்பது அவர்களுடைய உரிமை.

3. ஈடுசெய்வது

சகேயு மனஸ்தாபப்பட்டதோடு நிற்கவில்லை. நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்க முன்வந்தான். ஆணையத்தின் அழைப்புகளில் மருத்துவத்தைப் பற்றியவையும் உண்டு. நோயாளி விரும்பினால் பூர்வகுடி வைத்தியர்களோடும் மூப்பர்களோடும் சேர்ந்து சிகிச்சை அளிக்க வேண்டும். பூர்வகுடியினர் அதிகமாய் மருத்துவப் பணிக்கு வர வேண்டும். பணியாளர் அனைவரும் அவர்கள் பண்பாட்டை மதிக்கப் பயிற்சி பெற வேண்டும்.

எளிய ஸ்தாபனமும் செய்யக்கூடியவை சில:

• திட்டம் எழுதுமுன் மக்களைக் கேட்பது. வேண்டாம் என்றால் விட்டுவிடுவது.
• நிர்வாகக் குழுவில் அவர்களுக்கு வாக்குரிமையோடு இடம் தருவது.
• ஆலோசனை சொல்லும் மூப்பர்களுக்கு உரிய மதிப்பூதியம் கொடுப்பது.
• அனுமதியின்றி அவர்கள் படத்தையோ கதையையோ நன்கொடை மடலில் போடாதிருப்பது.

கடைசியாகச் சொன்னது, இத்தகைய மடல்களை எழுதுகிற நமக்கும் வாசிக்கிற நமக்கும் உரியது. பரிதாபம் பணத்தைக் கொண்டுவரும். ஆனால் அது ஒருவரைத் தாழ்த்திக் காட்டிப் பெற்ற பணமாக இருக்கலாகாது.

சிந்திக்க

1. நாம் உதவுகிற மக்களில் யாரிடமாவது, இந்த உதவி உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டிருக்கிறோமா?
2. அவர்கள் "இல்லை" என்று சொன்னால் நம் அன்பு தொடருமா?

இவ்விரண்டு கேள்விகளையும் உங்கள் சபைக் கூட்டங்களில் பேசி ஜெபியுங்கள். கொடுக்கிற கையோடு கேட்கிற செவியையும் கர்த்தர் நமக்குத் தருவாராக.