மருந்தும் மூலிகையும்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை மூலிகை வளம் மிக்கது. மூலிகையால் தீங்கில்லை என்பர் சிலர். குருதி உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உண்போர்க்கு அக்கூற்றுப் பொருந்தாது.

1920களில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த தீவனச்செடியைத் தின்ற மாடுகள் குருதி கசிந்து மாண்டன. அந்நஞ்சைக் கார்ல் லிங்க் குழுவினர் ஆராய்ந்ததன் பயனாக வார்ஃபரின் பிறந்தது. 1948இல் எலிக்கு நஞ்சாக வந்த அதுவே, 1954இல் மனிதரைக் காக்கும் மருந்தாயிற்று. அளவு மிகின் குருதி கசியும். குறையின் குருதி உறைந்து குழாயை அடைக்கும். மூலிகைகளுள் சில அதன் ஆற்றலைக் கூட்டும், சில குறைக்கும்.

ஆதலின், அம்மருந்தை நாள்தோறும் குறித்த வேளையில் உண்ணுதல் வேண்டும். உரிய காலத்தில் குருதியைச் சோதித்தல் வேண்டும். மருத்துவரைக் கேளாது மூலிகை எதனையும் சேர்த்தலாகாது. குருதி கசியின் காலந்தாழ்த்தலும் ஆகாது. காரவள்ளி வழியே மலையிறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள் உள அன்றோ!