அகலத் துளையின் விலை

மாணவர்களே, பள்ளி மண்டபத்தில் நடனத்தைப் படமெடுக்க 50 மி.மீ. லென்ஸ் வாங்கப் போகிறீர்கள். எஃப் 1.8 வாங்கலாமா, எஃப் 1.4 வாங்கலாமா? குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் துளையின் விட்டம் கிடைக்கும்: முதலாவதில் சுமார் 28 மி.மீ., இரண்டாவதில் 36 மி.மீ. ஒளியின் அளவு துளையின் பரப்பளவைப் பொறுத்தது. ஆகவே எஃப் 1.4 ஏறக்குறைய 1.65 மடங்கு ஒளியைத் தரும். 1/60 வினாடி தேவைப்பட்ட இடத்தில் 1/100 வினாடி போதும். ஆடும் கை அவ்வளவாக மங்காது.

ஆனால், துளை விரிய விரியத் தெளிவின் ஆழம் சுருங்கும். நடனம் முடிந்து தோழியின் முகத்தை ஒரு மீட்டர் தொலைவில் எஃப் 1.4இல் எடுத்தால், முழுச்சட்டக் கேமராவில் ஏறக்குறைய 3 செ.மீ. ஆழம்தான். கண் தெளிவாக இருக்கும், காது மங்கிவிடும்! போதாததற்கு, லென்ஸின் ஓரத்தில் நுழையும் கதிர்கள் நடுக்கதிர்களோடு ஒரே புள்ளியில் குவிவதில்லை. இதுதான் கோளப் பிறழ்ச்சி. எஃப் 2.8க்குச் சுருக்கினால் கூர்மை கூடும், ஒளியோ கால்வாசியாகிவிடும். விலையையும் எடையையும் பார்த்தால், மாணவருக்கு எஃப் 1.8 போதும் என்பேன்.