மழைநீர்க் கணக்கு: ஒரு குளிர்பான ஆலை தரும் பாடம்

வானத்திலிருந்து விழும் மழைநீர் பெரும்பாலும் சுத்தமானதுதான். அது எதன் மேல் ஓடுகிறதோ, அதன் குணத்தைப் பெறுகிறது. ரயில்வேயில் பாலங்களுக்கும் மதகுகளுக்கும் நீர்க்கணக்குப் போட்டவன் என்ற முறையில், தொழிற்சாலை வளாகத்தில் பெய்யும் மழையைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சில செய்திகள் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கணக்கு. ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் தண்ணீர். திருவனந்தபுரத்தின் கனமழையில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்வதாக வைத்துக்கொள்வோம். மண் தரையானால் ஒரு பங்கு ஊறிவிடும். கூரையும் கான்கிரீட்டும் பத்தில் ஒன்பது பங்கை வழிய விட்டுவிடும். ஆக 4,50,000 லிட்டர், 45 டாங்கர் லாரித் தண்ணீர்! வினாடிக்கு 125 லிட்டரைத் தாங்கும் வடிகால் வேண்டும்.

குளிர்பான ஆலையில் மூன்று வகை நீரைப் பிரித்தறிய வேண்டும்.

1. கூரை நீர்: முதல் மழையை ஒதுக்கிவிட்டு, தனிக் குழாயில் தொட்டிக்கு அனுப்பலாம்.

2. முற்றத்து நீர்: லாரிகள் சிந்திய டீசல், உடைந்த பாட்டில்களின் சர்க்கரைப் பாகு எல்லாம் இதில் சேரும். சர்க்கரைதானே என்று நினைக்கக் கூடாது. அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஓடை நீரின் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிட, மீன்கள் செத்து மிதக்கும். எனவே எண்ணெய் பிரிக்கும் தொட்டியும், கடைவாயில் மூடக்கூடிய வால்வும் அவசியம்.

3. ஆலைக் கழிவுநீரும் கசடும்: பாட்டில் கழுவும் காஸ்டிக் சோடா உட்பட அனைத்தும் சுத்திகரிப்புக்குப் போக வேண்டும். கசடைக் கூரைக்கடியில், கரை கட்டிய தளத்தில் வைக்க வேண்டும்.

மூன்றாவதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாலக்காடு மாவட்டத்துப் பிளாச்சிமடையே சாட்சி. தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைந்த சித்தூர் தாலுகாவில், 2000-இல் அங்கே கோகோ கோலா ஆலை தொடங்கியது. கசடு, உரம் என்று விவசாயிகளுக்குத் தரப்பட்டது. 2003-இல் அதில் காரீயமும் காட்மியமும் இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. இத்தகைய கசடு திறந்த வயலில் கிடந்தால், ஒவ்வொரு மழையும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணிலும் கிணற்றிலும் இறக்கும். கிணற்று நீர் கெட்டதென்று மயிலம்மா போன்ற பழங்குடிப் பெண்கள் 2002 முதல் போராடினார்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010-இல் அரசு நியமித்த குழு, சேதத்தை 216 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டது. நஷ்ட ஈட்டுக்காகக் கேரளச் சட்டசபை 2011-இல் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

ஒரு கூரையும் நாலு அடி கரையும் போட ஆகும் செலவை இந்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் பிள்ளைகள் பலர் தொழிற்சாலைகளில் பொறுப்பான வேலைகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: இடவப்பாதி தொடங்குமுன் குடையோடு வளாகத்தைச் சுற்றி வந்து, ஒவ்வொரு வடிகாலும் எங்கே போய் முடிகிறது என்று பார்க்கட்டும். அது முடியும் இடத்தில் யாரோ ஒருவருடைய கிணறு இருக்கும்.