தாலி கம்பத்தில், கேஸ் குமுளியில்

குமுளியில் கேட்கிறேன், மூணாறில் கேட்கிறேன், பாலக்காட்டு ஓரம் கோவிந்தாபுரம் போனாலும் அதே பேச்சுதான். “தாலி கட்டினது கம்பத்துல, அடி வாங்கினதும் அங்கதான். இப்ப அம்மா வீட்டுல இருந்துக்கிட்டு கேரளாவுல கேஸ் குடுத்தா செல்லாதாம்ல, வக்கீலம்மா?” யார் சொன்னது என்றால் மாமியார், கொழுந்தன், சில சமயம் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற போலீஸ்காரர். சட்டத்தைப் புரட்டிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

செல்லும். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவைப் படியுங்கள். அந்தப் பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊர் மாஜிஸ்திரேட்டிடமே மனு கொடுக்கலாம். குமுளியில் அம்மா வீடு என்றால் பீர்மேடு கோர்ட். அங்கே வாங்கிய உத்தரவு நாடு முழுக்கச் செல்லும். கம்பம்மெட்டு தாண்டினால் காலாவதியாக அது என்ன லாரி பெர்மிட்டா? கிரிமினல் வழக்கும் அப்படியே. கணவன் வீட்டுக் கொடுமைக்கான பழைய 498ஏ பிரிவு இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 85. அடிக்குத் தப்பி வந்து தஞ்சம் புகுந்த ஊரிலேயே வழக்குத் தொடரலாம் என்று 2019 ஏப்ரலில் ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புருஷன் வீட்டில் பட்டதன் மன வேதனை பிறந்த வீட்டிலும் தொடர்கிறது என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். “இது எங்க லிமிட் இல்ல” என்று ஸ்டேஷனில் கைவிரிக்கவும் முடியாது. 2024 ஜூலையிலிருந்து எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் புகாரை வாங்கியே ஆக வேண்டும்.

இந்தப் புரளியை நம்பித் திரும்பிப் போகிற பெண்ணுக்குக் கிடைப்பது ஊர்ப் பேச்சுவார்த்தை. “இனிமே கை நீட்ட மாட்டேன்” என்று பத்திரத் தாளில் அவன் ஒரு கையெழுத்து, சாட்சிக்கு இரண்டு பெரிய மனுசர்கள். அதை மடித்து ரேஷன் கார்டு கவருக்குள் பத்திரமாக வைத்திருக்கிறாள், பாவம். அவன் மறுபடி அடித்தால் அந்தத் தாள் என்ன செய்யும்? கோர்ட் தருகிற பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம்.

மற்றப் புரளிகள் சில்லறை. குடித்தால்தான் அடிக்கிறானாம், அதே போதையில் சூப்பர்வைசரை ஏன் அடிப்பதில்லை? வீடு மாமனார் பெயரில் இருந்தால் உரிமை இல்லையாம். அவள் குடியிருந்த வீடு மாமனாருடையதானாலும் அங்கே தங்க உரிமை கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020இலேயே சொல்லியாயிற்று. படித்த கேரளத்தில் இதெல்லாம் கிடையாதாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் இங்கே கணவனிடம் அடி பட்டதாகச் சொன்னவர்கள் 10 சதவீதம்தான், உண்மை. ஆனால் ஏதோ ஒரு காரணத்துக்காக மனைவியை அடிப்பது சரியே என்ற பெண்கள் 52 சதவீதம். அடியை நியாயம் என்று நினைப்பவள் அதை எப்படிப் புகாராகச் சொல்வாள்? தோட்டத்துப் பெண்களுக்குத் தைரியம் இல்லை என்பதற்கு 2015இல் யூனியன் தலைவர்களையே விரட்டிவிட்டு மூணாறை ஸ்தம்பிக்க வைத்த தோட்டப் பெண்களின் ‘பொம்பிளை ஒருமை’ இயக்கமே பதில்.

“மலையாளம் எழுதத் தெரியாதே” என்பது கடைசிச் சாக்கு. 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். இதை நான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. பெண்கள் உதவி எண் 181க்குப் போன் போடுங்கள். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு, அதற்கு 15100. குடும்ப வன்முறைச் சட்டப்படி புகார் வாங்கும் பாதுகாப்பு அதிகாரி மலையாளப் படிவத்தை நீட்டினால் தமிழில் கேளுங்கள்; இல்லை என்றால் வெள்ளைத் தாளில் தமிழில் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.