மாதாந்திர வலிக்கு ஹார்மோன் ஊசி போடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். வீட்டுக்குத் தூரமான முதல் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுகிறாள். வாந்தியும் எடுக்கிறாள். மாத்திரை போட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்கிறார் என் மாமியார். சென்னையில் என் நாத்தனார் மகளுக்கு ஹார்மோனை நிறுத்தும் ஊசி போட்டிருக்கிறார்கள். இவளுக்கும் போடலாமா டாக்டர்?
- ஒரு வாசகி, அனந்தபுரம்

பதில்: அந்த ஊசி இப்போது வேண்டாம் அம்மா. ஆனால் வலிக்கு வைத்தியம் கட்டாயம் வேண்டும். 'பொண்ணுன்னா பொறுத்துக்கணும்' என்று மட்டும் யாரும் அவளிடம் சொல்ல வேண்டாம்.

மாதவிலக்கின்போது கர்ப்பப்பையின் உள்சவ்வில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாகிறது. ஏறக்குறைய ஹார்மோன் போலவே வேலை செய்யும் பொருள் அது. கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழியும்; ரத்த ஓட்டம் குறைந்து வலிக்கும். வாந்திக்கும் அதுதான் காரணம். ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் அது உருவாவதையே தடுக்கின்றன என்று 1971-ல் காட்டியவர் ஜான் வேன். 1982-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். மெஃபனமிக் அமில மாத்திரையும் அப்படித்தான் வலியைக் குறைக்கிறது. மாதத்தில் இரண்டு மூன்று நாள் போடுவதால் கர்ப்பப்பை கெடாது என்று மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

பல வீடுகளில் வலி உச்சத்துக்குப் போன பிறகுதான் மாத்திரையைத் தேடுகிறார்கள். ஏற்கெனவே உருவான புரோஸ்டாகிளாண்டினை மாத்திரை அழிக்காது. அதனால் வலி தலைகாட்டியதுமே, சாப்பிட்ட பிறகு, டாக்டர் சொன்ன அளவில் தொடங்கி இரண்டு மூன்று நாள் விடாமல் கொடுங்கள். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மெஃபனமிக் அமிலத்தால் அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023-ல் எச்சரித்தது. காய்ச்சலோடு தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நீங்கள் கேட்கும் ஊசி லூப்ரோலைடு வகையாக இருக்கலாம். அது சினைப்பையின் ஈஸ்ட்ரோஜனையே அடக்கி, மாதவிடாய் நின்றுபோன பெண்ணின் நிலையைத் தற்காலிகமாக உண்டாக்கும். எலும்பின் அடர்த்தியும் குறையும். எலும்பு இன்னும் உறுதிப்படும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு இதை எளிதில் தர எனக்கு மனம் வராது. கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரிந்து, மற்ற ஹார்மோன் மாத்திரைகள் பலன் தராதபோது, சில மாதங்களுக்கு மட்டும் தருவது அது.

மூன்று மாதம் முறையாக மாத்திரை போட்டும் அடங்காவிட்டால், அல்லது மற்ற நாட்களிலும், மலம் கழிக்கும்போதும் வலித்தால், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் மட்டும் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று ஆகிவிடாது. எந்தெந்த நாளில் வலித்தது, எத்தனை மாத்திரை போட்டாள் என்று குறித்து எடுத்துப் போங்கள்.