பின்னால் வரும் காரை யார் ஓட்டுவது?

மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ-32 வீதியில், இலுப்பைக்கடவைப் பக்கமாகக் கார் ஒன்று நின்றுபோனால், கராஜுக்குக் கோல் எடுக்க முதலே கயிறு வந்துவிடும். கடற்றொழில் செய்கிற ஊர். வள்ளத்துக்குக் கட்டுகிற நைலோன் கயிறு கைக்கெட்டிய தூரத்தில் கிடக்கும். வயலிலிருந்து திரும்பும் உழவு இயந்திரமோ, மீன் ஏற்றிப் போகும் பட்டா லொறியோ தானாகவே நிற்கும். உதவிக்கு வருகிற அந்த மனத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பிறகு இந்தப் பாதையில் போக்குவரத்துக் கூடியிருக்கிறது. ஆனால் பெரிய பழுது என்றால் இன்னமும் மன்னார் டவுனையோ யாழ்ப்பாணத்தையோதான் நினைக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் எல்லோரும் கேட்கிற கேள்விகள் இரண்டு: கயிறு தாங்குமா, முன் வாகனம் இழுக்குமா? பின்னால் வரப்போகும் காரை யார் ஓட்டுவது என்பதை ஒருவரும் யோசிப்பதில்லை. "தம்பி, நீ ஏறி ஸ்ரியறிங்கைப் பிடி" என்று, பக்கத்தில் நிற்கிற யாராவது ஒரு பெடியனிடம் அந்த வேலை போய்ச் சேரும். என் கணிப்பில் ஆபத்தின் பெரும்பங்கு அந்த ஆசனத்தில்தான் இருக்கிறது.

காரணம், எஞ்சின் நின்ற கார் நாம் அறிந்த காரே அல்ல. பெரும்பாலான கார்களில் பிறேக் பெடலை மிதிக்கும்போது, எஞ்சின் உண்டாக்குகிற வெற்றிட உறிஞ்சல் நம் காலோடு சேர்ந்து அழுத்துகிறது. எஞ்சின் நின்றால் பூஸ்டரில் மிஞ்சியிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் காணும். அதன் பிறகு பெடல் கல்லாகிவிடும். பிறேக் பிடிக்கும், ஆனால் முழுப் பலத்தோடு ஊன்ற வேண்டும். பவர் ஸ்ரியறிங்கும் அப்படியே இறுகும். சாவியைக் கழற்றி வைத்தால் இன்னும் மோசம், ஸ்ரியறிங் பூட்டிக்கொள்ளும். இந்த நிலையில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இடையில் நாலரை மீற்றர் கயிறு, வேகம் மணிக்கு 24 கிலோமீற்றர். வீதியில் மாடு குறுக்கிட, இழுப்பவர் பிறேக்கை நன்றாக மிதிக்கிறார். பின்னால் இருப்பவர் ஒன்றும் செய்யாவிட்டால் ஏறக்குறைய ஒன்றேகால் செக்கனில் மோதும். கண்டு, விளங்கி, காலைத் தூக்கிப் பெடலில் வைக்கவே சாதாரண சாரதிக்கு ஒரு செக்கன் போய்விடும். மிச்சக் கால் செக்கனில், கல்லாகிப்போன பெடலை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? சைக்கிள் மிதிக்கிற வேகமான 12 கிலோமீற்றருக்கு இறக்கினால் ஒன்றரைச் செக்கனுக்கு மேல் கிடைக்கும், நிறுத்த வேண்டிய வேகமும் பாதிதான். ஆனால் அந்த வேகத்தில் 30 கிலோமீற்றர் போக இரண்டரை மணித்தியாலம் வேண்டும். அந்தப் பொறுமையோடு இழுக்கிறவரை நான் நம்பத் தயாரில்லை. காபெற் வீதி, முன்னால் வெறுமை. கால் தன்பாட்டில் அழுத்தும்.

கயிறும் சும்மா கிடக்கிற பொருளல்ல. நைலோன் நன்றாக இழுபடும். இழுபடும்போது சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அறும்போது அதை ஒரே அடியாக விட்டுவிடும். 1997 ஒக்டோபர் 25இல் தாய்வான் தலைநகர் தாய்பேயில் 1,600க்கும் மேற்பட்டோர் கூடிக் கயிறு இழுத்தபோது, நைலோன் கயிறு அறுந்து இரண்டு பேரின் கைகள் துண்டாயின. அங்கே வாகனம் ஒன்றும் இருக்கவில்லை, மனித பலம் மட்டும்தான். இழுவையில் கயிறு ஒரே சீராக இறுகியிருப்பதும் இல்லை. முன் வாகனம் வேகம் குறைய அது தொய்ந்து நிலத்தில் விழும். மறுபடி இழுக்க வெடுக்கென்று இறுகும். ஒவ்வொரு வெடுக்கும், கட்டிய இடத்தைப் பிடுங்கப் பார்க்கிற அடி. கட்டுகிற இடமோ பெரும்பாலும் பம்பர், இல்லாவிட்டால் கீழே கைக்கு அகப்பட்ட ஏதோ ஒரு கம்பி. இழுப்பதற்கென்றே கொக்கி உண்டு. பல கார்களில் அது ஜக்கோடும் வீல் ஸ்பானரோடும் டிக்கியில் கிடக்கும். பம்பரில் ஒட்டிய சிறிய சதுர மூடியைக் கழற்றினால் அதைத் திருகி இறுக்குகிற துளை தெரியும். பல வருடமாகக் காரை வைத்திருப்பவர்களில் அந்த மூடியை ஒருமுறையேனும் கழற்றிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

கியர் பெட்டியின் கதை வேறு. கையால் கியர் மாற்றுகிற பழைய கார்கள் நியூட்ரலில் ஓரளவு தாங்கும். ஓட்டோ கியரில் உள்ளே எண்ணெயைச் சுற்றுகிற பம்பை எஞ்சின்தான் ஓட்டுகிறது. எஞ்சின் நிற்க, சில்லுகள் மட்டும் உருண்டால், பல கார்களில் எண்ணெயில்லாமலே உள்ளுறுப்புகள் தேயும். இலங்கையில் ஓடுகிற அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்டுகளில் முன்சில்லோடு மின்மோட்டார் பிணைந்திருக்கிறது. சில்லு சுழன்றால் மோட்டாரும் சுழலும். அதனால்தான் இப்படியான கார்களின் கையேடுகள் முன்சில்லைத் தூக்கி ஏற்றச் சொல்கின்றன. கயிற்றை அனுமதித்தாலும் குறுகிய தூரத்துக்கு, குறைந்த வேகத்தில் என்று எல்லை போடுகின்றன. காரை ஏற்றிப் போகிற கரியருக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடிக்கப் போய், கியர் பெட்டிக்குக் கொடுக்க நேர்ந்தால் அதில் என்ன மிச்சம்?

"எத்தனை காலமாக இழுக்கிறோம், ஒன்றும் நடக்கவில்லையே" என்பார்கள். ஒன்றும் நடக்காத இழுவைகள்தான் கதையாகச் சொல்லப்படுகின்றன. இடித்து நசுங்கிய முன்பக்கம் வேறொரு விபத்தாகக் கணக்கில் போய்விடும். "இழுப்பவர் பழகிய சாரதி" என்பது இரண்டாவது வாதம். அவருடைய பழக்கம் முன் வாகனத்துக்கு. உழவு இயந்திரம் என்றால் அதன் சத்தத்தில் பின்னால் அடிக்கிற ஹோர்ன்கூட அவருக்குக் கேட்காது. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு வீதி ஒழுங்குவிதிகள் இழுவை வேகத்தை 24 கிலோமீற்றருக்குள்ளும் இடைவெளியை ஐந்து மீற்றருக்குள்ளும் கட்டுப்படுத்தியதோடு, இழுபடுகிற வாகனத்தின் ஆசனத்திலும் உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும் என்றன. பிரித்தானியாவில் இடைவெளி நாலரை மீற்றர். நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் ஜேர்மனியில், நெடுஞ்சாலையில் இழுக்கத் தொடங்கினால் அடுத்த வெளிவாயிலிலேயே இறங்கிவிட வேண்டும். அனுமதிக்கிற நாடுகளும் இதை ஆபத்து நேரத்து உதவியாகத்தான் பார்க்கின்றன, பயண முறையாக அல்ல. கயிற்றுக்குப் பதில் இரும்புச் சட்டம் போட்டால் என்ன என்று கேட்பவருக்கு என்னிடம் பாதிச் சம்மதம் உண்டு: தொய்வும் வெடுக்கும் போய்விடும், பின்னால் வந்து இடிக்கவும் இடமில்லை. கியர் பெட்டிக்கு மட்டும் அதனால் ஒரு நன்மையும் கிடையாது. (முன்னால் நின்றுபோன ஓட்டோவை இன்னோர் ஓட்டோவில் இருந்து காலால் தள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது.)

வலுவான எதிர்வாதம் ஒன்றுதான்: இருட்டில் வீதியில் நிற்கிற காரும் ஆபத்துத்தானே? உண்மை. அதற்கு விடை, காரை வீதியிலிருந்து ஒதுக்குவது. மன்னார் வரை கொண்டுபோவது வேறு வேலை. நாலு பேர் சேர்ந்து தள்ளியோ, நடை வேகத்தில் சிறிது தூரம் இழுத்தோ, பக்கத்துக் கடை முற்றத்திலோ தேவாலய வளவிலோ கேட்டு விடலாம். அந்தச் சிறிது தூரத்துக்கும் பின்னால் வரும் காரின் சாரதி ஆசனத்தில் காருக்குச் சொந்தக்காரரே, இல்லாவிட்டால் உரிமமுள்ள ஒருவர்தான் இருக்க வேண்டும். சாவி 'ஓன்' நிலையில், இரண்டு வாகனத்திலும் நாலு சிக்னலும் மின்ன, கயிற்றின் நடுவில் வெள்ளைத்துணி ஒன்று கட்டி, வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றுக்கு நேரே நிற்க விடாமல். தொய்வு விழாமல் பார்ப்பது பின்னால் இருப்பவரின் வேலை. அவர் கால் எப்போதும் பிறேக்கில் இலேசாகத் தொட்டபடி இருக்கும். பற்றரி செத்து, பிறேக் லைட் எரியாத கார் என்றால் பொழுதுபட்ட பிறகு அதுவும் வேண்டாம். விடிந்ததும் கரியரோடு வரலாம். காப்புறுதிப் பத்திரத்தில் இழுவைச் செலவு அடங்குமா, எத்தனை கிலோமீற்றர் வரை, இரவில் கேட்டால் இந்தப் பக்கம் வருவார்களா என்பதை வீட்டில் இருக்கும்போதே ஒரு கோலில் கேட்டு வைக்கலாம். அப்படியே டிக்கியைத் திறந்து அந்தக் கொக்கி இருக்கிறதா என்றும் பார்த்து, ஒருமுறை திருகிப் பழகுங்கள். சில கார்களில் அது இடப்பக்கமாகத்தான் இறுகும்.